பெரியவர்களின் ஆங்கில வாசிப்புக் குழுவுக்கு எந்தப் புத்தகம்? நீலகிரியில் அடிக்கடி எழும் கேள்விகளும் பதில்களும்

தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்கள், எஸ்டேட் கண்டக்டர்கள், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், டூரிஸ்ட் வண்டி ஓட்டுநர்கள், நர்ஸுகள், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைத் தானே பார்த்துச் சொல்லித்தர நினைக்கும் அம்மாக்கள். பள்ளியை விட்டுப் பல வருடம் ஆன பிறகு ஆங்கிலத்தை மறுபடி கையிலெடுக்க விரும்புகிறவர்கள் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர் பக்கம் நிறையப் பேர். ஆறு முதல் பத்துப் பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை ஆங்கிலப் புத்தகம் வாசிக்கும் குழுக்கள் பெரும்பாலும் தடுமாறுவது புத்தகத் தேர்வில்தான். அப்படிக் குழு நடத்துபவர்களுக்காக இந்தப் பக்கம்.

முதல் புத்தகம் எவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்?

"இவ்வளவு லேசா இருந்தா எப்படி?" என்று குழு நடத்துபவருக்கே தயக்கம் வரும் அளவுக்கு. ராத்திரி வேலையெல்லாம் முடிந்தபின், டிக்‌ஷனரி இல்லாமல், தனியாக நாலு பக்கம் படிக்க முடிகிற புத்தகத்தைத்தான் வாசிப்புக் குழு எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து விளக்கினால் மட்டுமே நகரும் புத்தகம் என்றால், மூன்றாவது வாரத்தில் பாதி நாற்காலி காலியாகிவிடும்.

இதற்கு ஓர் அளவு உண்டு. மொழி ஆய்வாளர்கள் ஹூ, பால் நேஷன் இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கதையைத் துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். 250 சொல் உள்ள ஒரு பக்கத்தில் தெரியாதவை ஐந்துக்குள் இருக்கவேண்டும் என்று அர்த்தம். 95 சதவீதம் தெரிந்தால் இரண்டு வரிக்கு ஒரு புதுச்சொல் குறுக்கே வரும். 90 சதவீதம் என்றால் வரிக்கு ஒன்று. அந்த நிலையில் கண் கதையில் ஓடாது, சொல்லில் போய் மாட்டிக்கொள்ளும்.

ஆங்கிலேய வாசகர்களுக்காக எழுதப்பட்ட சாதாரண நாவலை இந்த 98 சதவீத அளவில் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து வரும் வடிவங்களும் சேர்ந்து ஒன்று) வேண்டும் என்று நேஷன் 2006இல் கணக்கிட்டார். தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்து, பத்து வருடமாக ஆங்கிலம் தொடாத ஒருவருக்கு ஓராயிரம் சொல் உறுதியாகக் கைவசம் இருந்தாலே நல்ல தொடக்கம். கடையில் முன்வரிசையில் அடுக்கியிருக்கும் நாவலை வாங்கி எட்டுப் பேருக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும்.

ஒரு புத்தகம் எங்கள் குழுவுக்குச் சரிப்படுமா என்று எப்படிச் சோதிப்பது?

புத்தகத்தின் நடுப்பகுதியிலிருந்து ஒரு பக்கம் எடுங்கள். முதல் பக்கம் வேண்டாம். அங்கே ஆசிரியர் ஊரையும் ஆட்களையும் வர்ணிப்பதால் புதுச்சொல் வழக்கத்தைவிட அதிகமாக வரும். 100 சொல் எண்ணி, கடைசிச் சொல்லுக்குப் பின் ஒரு கோடு போட்டு, ஆளுக்கொரு நகல் கொடுங்கள். ஆள் பெயர், ஊர்ப் பெயர் எதையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். கையில் பென்சில் மட்டும். மொபைல் பைக்குள் போகட்டும், பக்கத்தில் இருப்பவரிடமும் கேட்கக் கூடாது. தெரியாத சொல்லுக்கு அடியில் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

இரண்டு புள்ளி வரை வந்தால் அதை வீட்டில் தனியாகப் படிக்கலாம். மூன்று முதல் ஐந்து என்றால் குழுவில் சேர்ந்து, கொஞ்சம் விளக்கத்தோடு படிக்கலாம். ஆறு, ஏழு என்று போனால் அந்தப் புத்தகத்தை அடுத்த வருடத்துக்கு வைத்துவிடுங்கள்.

தாள்களைப் பெயர் எழுதாமல் வாங்குங்கள். "அண்ணே, எந்த வார்த்தை தெரியலை?" என்று எல்லார் முன்னாலும் கேட்டால் ஐம்பது வயதுக்காரர் "எல்லாம் தெரியுதும்மா" என்றுதான் சொல்வார். பெயரில்லாத தாளில் அவர் வைக்கும் எட்டுப் புள்ளிதான் உண்மையான பதில்.

புள்ளிகளின் எண்ணிக்கையோடு அவை விழுந்த இடத்தையும் பாருங்கள். மரத்தின் பெயர், பாத்திரத்தின் பெயர், கருவியின் பெயர் தெரியாமல் போனால் பெரிய நஷ்டமில்லை. படம் காட்டி ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் 'அன்லெஸ்', 'ஆல்தோ', 'ஹார்ட்லி', 'இன்ஸ்டெட்' மாதிரியான சொற்களுக்கு அடியில் புள்ளி விழுந்தால் வாக்கியத்தின் அர்த்தமே தலைகீழாகிவிடும். 'ஹார்ட்லி' தெரியாததால், அவள் கிட்டத்தட்டச் சாப்பிடவே இல்லை என்பதை, நன்றாகச் சாப்பிட்டாள் என்று ஒருவர் படித்துவிட்டு அடுத்த பக்கம் முழுக்கக் குழம்பிக்கொண்டிருப்பார். இந்த வகைப் புள்ளி ஒவ்வொன்றையும் இரண்டாக எண்ணுங்கள்.

கடைசியில் தாளைக் கவிழ்த்துவிட்டு, என்ன நடந்தது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். புள்ளியே வைக்காதவருக்கும் சொல்ல வரவில்லை என்றால், அவரைத் தடுப்பது வாக்கியத்தின் நீளம். ஒருவரை விளக்கும் சொற்களெல்லாம் தமிழில் அவருக்கு முன்னால் வந்துவிடும். ஆங்கிலத்தில் ஆள் முதலில் வந்து, 'ஹூ', 'விச்' என்று விளக்கம் பின்னால் நீண்டுகொண்டே போகும். ஒரே வாக்கியத்தில் அப்படி இரண்டு வந்தால், யார் எதைச் செய்தது என்பது நழுவிவிடும். பெரும்பாலான வாக்கியங்கள் 12 சொல்லுக்குள் முடியும் புத்தகமாகப் பார்த்து எடுங்கள்.

கிரேடட் ரீடர் என்பது என்ன? பாடப்புத்தகமா?

இல்லை, கதைப் புத்தகம்தான். ஆங்கிலம் கற்கும் பெரியவர்களுக்காக, இத்தனை சொல்லுக்குள் எழுத வேண்டும் என்று வரையறுத்து எழுதியது. தொடக்க நிலைக் குழுக்களுக்கு இவற்றைவிட நல்ல வழி வேறில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையில் ஸ்டார்ட்டர் நிலை 250 தலைச்சொல். அதன்பின் 400, 700, 1,000, 1,400, 1,800, 2,500 என்று ஆறு நிலை. தலைச்சொல் என்றால் ஒரு சொல்லும் அதன் உருமாற்றங்களும் சேர்ந்து ஒன்று. 'கோ', 'கோயிங்', 'வென்ட்' எல்லாம் ஒரே கணக்கு. கேம்பிரிட்ஜ் இங்கிலீஷ் ரீடர்ஸ் வரிசையில் வருபவை பழைய நாவல்களின் சுருக்கங்கள் அல்ல, கற்பவர்களுக்காகவே புதிதாக எழுதிய கதைகள். 250இல் தொடங்கி 3,800 வரை போகும்.

இங்கே நடக்கும் பெரிய குழப்பம் நிலை எண். மூன்றாம் நிலை என்றால் ஆக்ஸ்ஃபோர்டில் 1,000 சொல், கேம்பிரிட்ஜில் 1,300. வேறு பதிப்பகம் என்றால் வேறு எண். ஒரு மாதம் ஒரு வரிசையிலும் அடுத்த மாதம் இன்னொன்றிலும் 'அதே லெவல்' என்று வாங்கினால் திடீரென்று கடினமாகும். பின் அட்டையில் அச்சிட்டிருக்கும் தலைச்சொல் எண்ணிக்கையை மட்டும் நம்புங்கள்.

பெரும்பாலான குழுக்களுக்கு 400 சொல் நிலை தொடங்கச் சரியான இடம். பென்சில் சோதனை 700 என்று காட்டினாலும் முதல் புத்தகத்தை 400இல் எடுங்கள். ஒரு ஆங்கிலப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை முடித்தோம் என்ற அனுபவம் பலருக்கு அதுதான் முதல்முறை.

அறுபது எழுபது ரூபாய்க்கு 'அப்ரிட்ஜ்டு' என்று போட்டு உலகப் புகழ்பெற்ற நாவல்கள் கிடைக்கின்றனவே, அவை போதாதா?

பெரும்பாலும் போதாது. அப்ரிட்ஜ்டு என்றால் நீளத்தைக் குறைத்தது. மொழியை எளிமையாக்கியதாக இருக்க வேண்டியதில்லை. 400 பக்க நாவலை 100 பக்கமாக வெட்டும்போது முதலில் போவது உரையாடலும், மெதுவாக விளக்கிச் சொல்லும் பகுதிகளும். மிச்சமிருப்பது நிகழ்ச்சிகளின் அடுக்கு, அதுவும் பழைய ஆங்கிலத்தின் கடினச் சொற்களோடு. முழு நாவலைவிட இது கற்பவருக்குச் சிரமம். ஏனென்றால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தால்தான் மனதில் நிற்கும். வெட்டிய புத்தகத்தில் அந்த வாய்ப்பே கிடையாது.

கடையில் நின்றபடியே கண்டுபிடிக்கலாம். பின் அட்டையில் தலைச்சொல் எண்ணிக்கை இருக்கிறதா, எளிமைப்படுத்தி எழுதியவர் பெயர் இருக்கிறதா, பின்பக்கத்தில் சொற்பொருள் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லை என்றால் வைத்துவிடுங்கள். எங்காவது ஒரு பக்கம் திறந்து எழுத்துப் பிழையும் தேடுங்கள். மலிவுப் பதிப்புகளில் பிழை சகஜம். கற்றுக்கொண்டிருப்பவருக்கு அது பிழை என்று தெரியாது, அதையே சரியென்று எடுத்துக்கொள்வார்.

குழந்தைகள் கதைப் புத்தகத்தில் ஆரம்பிக்கலாமா?

பிள்ளைகளுக்குப் படித்துச் சொல்லத்தான் ஆங்கிலம் கற்கிறேன் என்று வரும் அம்மாக்கள், பாட்டிகள் குழு என்றால் தாராளமாக. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் (2015இல் தொடங்கியது) தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஒரே கதை கிடைக்கும், நான்கு நிலைகளாகப் பிரித்திருப்பார்கள், திறந்த உரிமம் என்பதால் பிரிண்ட் எடுக்கவும் தடையில்லை.

மற்றக் குழுக்களுக்கு வேண்டாம். கௌரவம் ஒரு காரணம். மொழியும் நினைக்கிற அளவுக்குச் சுலபமில்லை. முயல் தத்துவதற்கு ஒரு சொல், எலி கொறிப்பதற்கு ஒரு சொல், எதுகைக்காகத் திருகிய வாக்கியம் என்று, பெரியவர் ஆபீஸிலோ ஆஸ்பத்திரியிலோ ஒருநாளும் பயன்படுத்தாத சொற்கள் நிறைந்திருக்கும். ஆங்கிலக் குழந்தைகளுக்கு அவை காதில் விழுந்து பழகியவை. நமக்கு அப்படியில்லை.

ஸ்கூல் பாடப்புத்தகம்?

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் ஆங்கிலப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். 6 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள துணைப்பாடக் கதைகள் மட்டும் பயன்படும். கேள்வி-பதில் பக்கங்களை விட்டுவிட்டு, கதையை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். பள்ளியில் தோற்றுப்போன நினைவோடு வருகிறவர்களுக்குப் பாடப்புத்தக அட்டையே பயம்.

தினமும் இங்கிலீஷ் பேப்பர் படித்தால் ஆங்கிலம் வந்துவிடும் என்கிறார்களே?

இந்த அறிவுரை பல பேரை ஆங்கிலத்திலிருந்து விரட்டியிருக்கிறது. தலைப்பில் வினைச்சொல்லைச் சுருக்கி, 'தி', 'ஏ' எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். செய்தியின் முதல் வாக்கியத்திலேயே யார், எங்கே, எப்போது, எதனால் எல்லாவற்றையும் அடைப்பதால் அது 30 சொல்லைத் தாண்டும். பேப்பர் வேண்டும் என்று குழு விரும்பினால், தமிழ் நாளிதழில் ஏற்கெனவே படித்த உள்ளூர்ச் செய்தி ஒன்றை எடுத்து, அதன் ஆங்கில வடிவத்தில் இரண்டு பத்தி மட்டும் படியுங்கள். மலைப்பாதையில் மண்சரிவு, மலைரயில் ரத்து, பசுந்தேயிலை விலை போன்றவை நல்ல தேர்வு. விஷயம் முன்பே தெரிந்திருப்பதால் சொற்களை ஊகிக்க முடியும்.

தன்னம்பிக்கைப் புத்தகம்தான் வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள்.

கேட்பார்கள், பேருந்து நிலையக் கடையில் கண்ணில் படுவது அதுதான். கதையில் அடுத்து என்ன ஆகுமோ என்ற இழுப்பு இருப்பதால் புரியாத வரியைத் தாண்டிப் போக முடியும். அறிவுரைப் புத்தகத்தில் அந்த இழுப்பு இல்லை. சொற்களும் கண்ணால் பார்க்க முடியாதவை: குறிக்கோள், மனப்பாங்கு, உறுதி என்ற வகை. கூடவே 'கிவ் அப்', 'புட் ஆஃப்', 'லுக் இன்டு' மாதிரி இரட்டைச் சொற்கள் வரிக்கு வரி வரும். ஒரு அத்தியாயம் படித்துப் பார்க்கலாம், முழுப் புத்தகம் வேண்டாம். ஆசையை மறுக்காமல் நிறைவேற்றவும் வழி உண்டு. நிஜ மனிதர்களின் வாழ்க்கைக் கதைகள் கிரேடட் ரீடர்களில் 700, 1,000 சொல் நிலைகளில் இருக்கின்றன.

நம்ம மலையைப் பற்றிய புத்தகம் இருந்தால் ஆர்வமாகப் படிப்பார்களே?

ஆர்வம் வரும், ஆனால் இங்கேதான் மிகக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீலகிரியைப் பற்றி ஆங்கிலத்தில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி வெள்ளைக்காரர் காலத்து வேட்டைக் குறிப்புகள், தோட்டத் துரைகளின் நினைவுகள், பழங்குடிகளை அளந்தும் வகைப்படுத்தியும் எழுதிய நூல்கள். வாக்கியங்கள் நீளம், சொற்கள் பழையவை. அதைவிட முக்கியம், தோடர், கோத்தர், இருளர், குறும்பர், படகர் பற்றியும் தோட்டத் தொழிலாளர் பற்றியும் அவற்றில் வரும் பேச்சு. அந்த வீடுகளைச் சேர்ந்தவர்கள் குழுவிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் முன்கூட்டிக் கேட்காமல் அப்படி ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கக் கொடுப்பது தவறு.

ஜி.யு. போப்பின் திருக்குறள் மொழிபெயர்ப்பு (1886) பற்றியும் கேட்கிறார்கள். போப் ஊட்டியில் பள்ளி நடத்தியவர் என்பதால் ஊர்ப் பெருமையும் சேர்ந்துகொள்கிறது. அதன் ஆங்கிலம் எதுகையோடு எழுதிய பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செய்யுள். கற்பவர்களுக்கு ஏற்றதல்ல. குறள் வேண்டும் என்றால், எல்லாருக்கும் மனப்பாடமான ஒன்றின் எளிய உரைநடை ஆங்கிலத்தைக் கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்டேட் குடும்பங்களிலிருந்து வரும் இன்னொரு கோரிக்கை பி.எச். டேனியலின் 'ரெட் டீ'. 1969இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நாவல். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் பலர் படித்தது. கதை ஆனைமலைத் தோட்டங்களில் நடக்கிறது. முழு நாவலும் தொடக்கக் குழுவுக்கு அதிகம். ஆனால் தமிழில் படித்தவர்கள் குழுவில் மூன்று நான்கு பேர் இருந்தால், ஒரு அத்தியாயத்தைத் தமிழில் முதல் வாரமும் ஆங்கிலத்தில் அடுத்த வாரமும் படிக்கலாம். கதையும் இடமும் வேலையும் தெரிந்தவர்களுக்குக் கடினமான ஆங்கிலமும் வழிவிடும். ஒரே நிபந்தனை, அதில் வரும் சாவும் கொடுமையும் சிலருக்குத் தாத்தா பாட்டி கதை. கேட்டுவிட்டு எடுங்கள்.

வழிகாட்டிகள், ஓட்டுநர்கள் குழுவுக்குப் புத்தகத்தை விட்டுவிட்டுக்கூடத் தொடங்கலாம். 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான மலைரயில் பற்றிய தகவல் பலகை, சிம்ஸ் பூங்காவிலும் தாவரவியல் பூங்காவிலும் உள்ள மரப் பலகைகள் எல்லாம் வாசிப்புப் பொருள்தான். மறுநாள் காலை பயணியிடம் சொல்லிப் பார்க்கலாம்.

இந்திய எழுத்தாளர்களின் ஆங்கிலம் சுலபமாக இருக்குமா?

சூழல் சுலபம். பேருந்து, மாமியார், பரீட்சை, வாடகை எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆர்.கே. நாராயணின் சிறுகதைகள் நீளத்திலும் வாக்கியத்திலும் நல்ல பொருத்தம், ஆனால் சொல்லாமல் விடும் கேலி சிலருக்குப் பிடிபடாது. 1,800 சொல் நிலையைக் கடந்தபின் எடுங்கள். ரஸ்கின் பாண்டின் கதைகள் அதற்கு ஒரு படி முன்பே ஒத்துவரும். மசூரி பக்கத்து மழையும் பனிமூட்டமும் சிறுத்தையும் குன்னூர்க்காரருக்குப் புதிதில்லை. இமயமலை மரங்களின் பெயர் தெரியவில்லையே என்று நிற்க வேண்டாம்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சிறுகதைகளும் உண்டு. அசோகமித்திரனைப் போல மூலமே எளிய வாக்கியங்களில் எழுதப்பட்டதாகப் பாருங்கள். வட்டார வழக்கில் எழுதிய கதை ஆங்கிலத்தில் இன்னும் சிக்கலாகிவிடும்.

ஒரே குழுவில் சிலருக்கு நன்றாக வருகிறது, சிலர் எழுத்துக் கூட்டுகிறார்கள். ஒரே புத்தகம் எப்படி?

ஒரே புத்தகம் வேண்டாம், ஒரே கதை இருக்கட்டும். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் மாதிரி சில கதைகள் வெவ்வேறு வரிசைகளில் வெவ்வேறு நிலைகளில் கிடைக்கின்றன. பாதிப் பேர் சுலபமானதையும் பாதிப் பேர் அடுத்த நிலையையும் படித்துவிட்டு, பேசும்போது ஒன்றாக உட்காரலாம். அது கிடைக்காவிட்டால், குறைந்த நிலையில் இருப்பவருக்கு ஏற்ற புத்தகத்தையே எல்லாருக்கும் எடுங்கள். நன்றாக வருபவருக்கு அதில் நஷ்டமில்லை, வேகம் கூடும். அவருக்கு நஷ்டம் என்று எண்ணி மேல்நிலையில் எடுத்தால் மற்றவர்கள் வரமாட்டார்கள்.

எழுத்தே கூட்டிப் படிப்பவருக்கு வாசிப்புக் குழு முதல் படியல்ல. அவருக்குத் தனியாக இரண்டு மாதம் எழுத்து-ஒலிப் பயிற்சி கொடுத்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேசும் மொழியையும் கவனியுங்கள். கூடலூர் பக்கம் மலையாளம், ஹட்டிகளில் (படகர் ஊர்களில்) படகர்களின் படகு மொழி என்று தமிழ் இரண்டாம் மொழியாக இருப்பவர்களும் வருவார்கள். புரியாத வரியை யாருக்கு எந்த மொழியில் சொன்னால் எட்டுமோ அதில் சொல்லலாம்.

எவ்வளவு நீளமான புத்தகம் எடுப்பது?

கணக்குப் போட்டே எடுங்கள். தொடக்க நிலையில் நிமிடத்துக்கு 70 சொல் என்று வையுங்கள். ஒருநாளைக்கு 20 நிமிடம், வாரத்தில் நான்கு நாள் என்றால் 5,600 சொல். 400 தலைச்சொல் நிலைப் புத்தகம் சுமார் 5,000 முதல் 6,000 சொல் இருக்கும், ஒரு வாரத்தில் முடியும். ஆனால் 80,000 சொல் நாவலை, கடினம் என்பதால் நிமிடத்துக்கு 50 என்று வைத்தால், இதே பழக்கத்தில் 20 வாரம் ஆகும். அதற்குள் கதாநாயகன் பெயர் மறந்துவிடும்.

புத்தகத்தின் சொல் எண்ணிக்கை தெரியாவிட்டால், மூன்று முழு வரிகளை எண்ணிச் சராசரி எடுத்து, பக்கத்துக்கு எத்தனை வரி, மொத்தம் எத்தனை பக்கம் என்று பெருக்குங்கள். படப் பக்கங்களைக் கழித்துவிடுங்கள்.

இங்கே காலநிலையும் நீளத்தைத் தீர்மானிக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், ஊட்டி பக்கம் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு. மண்சரிவு, கரண்ட் கட் என்று தொடர்ந்து இரண்டு வாரம் கூட்டம் நடக்காமல் போகலாம். ஏப்ரல், மே சீசனில் ஓட்டுநரும் ஹோம்ஸ்டே நடத்துபவரும் வரவே முடியாது. இந்த மாதங்களில் ஒரே கூட்டத்தில் முடியும் சிறுகதைகளை வையுங்கள். தொடர்ந்து படிக்க வேண்டிய நீளமான கதையை ஜனவரியில் தொடங்கி மார்ச்சுக்குள் முடியுங்கள். மாலையில் மூடுபனி இறங்கி, தேயிலைக் காட்டோரம் காட்டெருமை வந்து நிற்கும் வழிகளில் ஆட்கள் நடந்து போக வேண்டியிருக்கும். கூட்டம் நான்கு மணிக்கு முடிய வேண்டும் என்றால், உரக்க வாசிக்கும் பகுதி ஐந்து பக்கத்தைத் தாண்டக் கூடாது.

எழுத்தின் அளவு, தாள் இதெல்லாம் பார்க்க வேண்டுமா?

அவசியம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து இருக்கும், கண்ணாடி இருக்காது. எழுத்தின் அளவு 11 பாயிண்டுக்குக் குறையாமல், பின்பக்க அச்சு தெரியாத தாளாக, வரிகளுக்கு இடையில் பென்சிலால் குறிக்க இடம் உள்ளதாக எடுங்கள். "புத்தகம் கஷ்டமா இருக்கு" என்று சொல்பவரில் சிலருக்கு உண்மையில் எழுத்துதான் தெரியவில்லை.

எத்தனை பிரதி, எங்கே வாங்குவது?

எட்டுப் பேருக்கு ஒன்பது. ஒன்று குழு நடத்துபவரிடம் நிரந்தரமாக இருக்கட்டும். எல்லாம் ஒரே பதிப்பாக வேண்டும். பின் அட்டையிலுள்ள 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணை ஒப்பிடுங்கள். பதிப்பு மாறினால் பக்க எண் மாறி, "எந்தப் பக்கம்க்கா?" என்பதிலேயே கால்மணி நேரம் போய்விடும்.

பணம் குறைவு என்றால் இன்னொரு வழி. ஒரே நிலையில் எட்டு வெவ்வேறு கிரேடட் ரீடர்களை ஒவ்வொரு பிரதி வாங்குங்கள். வாரா வாரம் கைமாற்றினால் எட்டு வாரத்துக்கு வரும். கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் கதையை இரண்டு நிமிடம் சொல்லலாம். முன்பே படித்தவர் குறுக்கே கேள்வி கேட்பார், உரையாடல் தானாக நடக்கும்.

ஊட்டி மாவட்ட மைய நூலகத்திலும் கிளை நூலகங்களிலும் முதலில் கேளுங்கள். ஒரு பிரதி கிடைத்தால்கூடச் சோதனைக்கு உதவும். சந்தா கட்டும் பழைய நீலகிரி லைப்ரரியிலும் சுற்றிப் பார்க்கலாம். கோவை போகும்போது உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் கிரேடட் ரீடர்கள் கண்ணில் படும், கோவை புத்தகத் திருவிழாவில் மொத்தமாக வாங்கலாம். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் மழைக்காலத்தில் மூன்று வாரம் முன்பே ஆர்டர் போடுங்கள்.

ஒரு பிரதி வாங்கி எல்லாருக்கும் ஜெராக்ஸ் எடுக்கலாமா?

முழுப் புத்தகத்தை எடுக்காதீர்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் பதிப்புரிமை உண்டு. 1948இல் மறைந்த காந்தியின் எழுத்து 2009 முதல் பொதுவுடைமை. ஆனால் பழைய நாவலை எளிமைப்படுத்தி எழுதிய புதிய பதிப்புக்கும், மொழிபெயர்ப்புக்கும் தனி உரிமை உண்டு. மூல ஆசிரியர் எப்போதோ இறந்துவிட்டார் என்பது அங்கே செல்லாது.

ஆடியோ இருக்கும் புத்தகமாகப் பார்க்க வேண்டுமா?

முடிந்தால். சொல்லைப் பார்த்தால் தெரியும், கேட்டால் தெரியாது என்பவர்கள் அதிகம். முதலில் கேட்டுக்கொண்டே கண்ணை வரியில் ஓட்டுவது, பிறகு கேட்காமல் படிப்பது என்ற வரிசை நன்றாக வேலை செய்கிறது. வேகத்தை 0.75க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள், சொற்கள் இழுத்துக் குலைந்துவிடும்.

புத்தகத்தை யார் தேர்ந்தெடுப்பது?

நடத்துபவர் மூன்று புத்தகத்தைச் சோதித்துக் கொண்டுவர, உறுப்பினர்கள் அதில் ஒன்றை எடுப்பது நல்ல முறை. வெறுமனே "என்ன படிக்கலாம்?" என்று கேட்டால் நன்றாகப் பேசத் தெரிந்தவரின் விருப்பம்தான் ஜெயிக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் வாசித்துக் காட்டிவிட்டுச் சீட்டு எழுதி வாங்குங்கள்.

மூன்றும் நேர்வரிசையில் நகரும் கதைகளாக இருக்கட்டும். முன்னும் பின்னும் தாவும் கதையில் காலக்குழப்பம் வரும். முக்கியப் பாத்திரங்கள் ஐந்துக்குள், அத்தியாயம் நாலைந்து பக்கத்துக்குள். வெளிநாட்டுப் பெயர்கள் என்றால் ஆணா பெண்ணா என்பதே தெரியாது. யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு சார்ட் எழுதி முதல் வாரமே சுவரில் ஒட்டுங்கள். துப்பறியும் கதை எப்போதும் கைகொடுக்கும், நகைச்சுவைதான் மிகக் கடினம்.

1964 இந்திய-இலங்கை (சிறிமா-சாஸ்திரி) ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. ஊரை விட்டுப் போகும் கதை, மண்சரிவு, வனவிலங்கு தாக்கிய சாவு, குடியால் அழிந்த வீடு இவையெல்லாம் யார் வீட்டு விஷயமாகவும் இருக்கலாம். விலக்க வேண்டியதில்லை. கதை எதைப் பற்றியது என்று முன்பே சொல்லிவிடுங்கள், வேண்டாம் என்பவர் தனியாக யாரிடமாவது சொல்ல வழி வையுங்கள்.

பாதியில் யாருக்கும் பிடிக்கவில்லை என்றால்?

நிறுத்திவிடுங்கள். மூன்றாவது கூட்டத்திலும் பாதிப் பேர் வீட்டில் படிக்காமல் வந்தால், சோம்பல் என்று எண்ணாமல் புத்தகம் கடினமா, சலிப்பா என்று பாருங்கள். மிச்சக் கதையைத் தமிழில் ஐந்து நிமிடம் சொல்லி முடித்துவிட்டு, ஒரு நிலை கீழே போய் வேறு புத்தகம் எடுங்கள்.

புத்தகமெல்லாம் பூஞ்சை பிடிக்கிறது. என்ன செய்வது?

காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வளரும், மழைக்காலத்தில் இங்கே அது தினமும் நடப்பது. முதலில் முதுகுப்பக்கத் துணியிலும் பசையிலும் சாம்பல் நிறப் பொட்டாக வரும். அலமாரியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் நாலு விரல் தள்ளி வையுங்கள், புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள், பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைக்கவே வைக்காதீர்கள். பொட்டு வந்த புத்தகத்தைத் தனியாக எடுத்து, வெயில் அடிக்கும் நாளில் நிழலான காற்றோட்டத்தில் விரித்துக் காயவைத்து, வாசலுக்கு வெளியே உலர்ந்த பிரஷால் துடையுங்கள். டீயும் வர்க்கியும் கூட்டம் முடிந்தபின். வர்க்கியின் நெய்க்கறை தாளிலிருந்து போகாது.

எப்போது அடுத்த நிலைக்குப் போவது? கிரேடட் ரீடரை விட்டு எப்போது வெளியே வருவது?

ஒரே நிலையில் நான்கு புத்தகமாவது முடியட்டும். பென்சில் சோதனையில் பெரும்பாலோர் ஒரு புள்ளி அல்லது புள்ளியே இல்லை என்று வந்தால் அடுத்த நிலை. 1,800 சொல் நிலையில் சௌகரியமாகப் படிப்பவர்கள் மாதத்துக்கு ஒரு முறை, ஆங்கில வாசகர்களுக்கென்றே எழுதிய சிறுகதை ஒன்றை எடுக்கலாம். 2,000 சொல்லுக்குள் இருக்கட்டும், பாதி அளவாவது உரையாடலாக இருக்கட்டும். மீதி மூன்று வாரமும் கிரேடட் ரீடரையே தொடருங்கள். அந்த ஒரு கதையில் ஐந்து சதவீதம் புரியாமல் போகும் என்பதை முன்பே சொல்லிவிட்டு, முதல் வாசிப்பில் எந்தச் சொல்லுக்கும் நிற்காமல் கடைசி வரை போகச் சொல்லுங்கள். புள்ளி வைப்பது இரண்டாம் வாசிப்பில்.